நாற்பத்தொரு வரிகள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அவருடைய முழங்கை வலி குறைந்துவிட்டது, என் இரத்த அழுத்தம் போன மாதம் நின்ற எண்ணிலேயே நிற்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், நலமாக இருக்கிறாய் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். வாரம் இரண்டு முறை போனில் பேசுகிறவர்களுக்கு நடுவில் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். காரணம் இருக்கிறது, பாதிக்குப் பிறகு வரும். தாவிப் படிக்காதே, வரிசையாகப் படி. கூடவே வருகிற பழைய நோட்டையும் இதை முடித்த பிறகு திறந்தால் போதும்.

முதலில் நீ அனுப்பிய பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவமனையில் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பிரிவில், காத்திருக்கும் அறைச் சுவரில் மாட்டுவதற்கு, வலிப்பு நோய் எதனால் வருகிறது என்று வீட்டாருக்குப் புரிகிற மாதிரி எழுதி, பிழை இருந்தால் குறித்து அனுப்பச் சொல்லியிருந்தாயே, அந்த ஒற்றைப் பக்கம். வழக்கம்போல பென்சிலைச் சீவிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். உன் பள்ளிக் கட்டுரையில் இருந்து பட்டயப் படிப்பின் செய்முறைப் பதிவேடு வரை என் பென்சில் படாமல் ஒரு தாளும் இந்த வீட்டை விட்டுப் போனதில்லை, நீயும் "வந்துட்டாங்க தணிக்கை அதிகாரி" என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டுவாய். இந்த முறை மூன்று தரம் படித்தேன். பென்சிலின் கூர் அப்படியே இருக்கிறது.

எனக்குப் பாராட்டிப் பேசத் தெரியாது, உனக்குத் தெரியும். அதனால் எது பிடித்தது என்பதை மட்டும் சொல்கிறேன். மூளையின் செல்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன, நடுவில் மிகச் சிறிய இடைவெளி, அந்த இடைவெளியைக் கடந்து செய்தி சொல்வது ரசாயனங்கள், அவற்றில் சில பக்கத்துச் செல்லை உசுப்பிவிடும், சில அடக்கி உட்கார வைக்கும் என்று நீ தொடங்கிய விதம் எனக்குப் பிடித்தது. குளூட்டமேட், காபா என்ற பெயர்களை ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு அதற்கப்புறம் உசுப்புவது, அடக்குவது என்றே கொண்டுபோனது அதைவிடப் பிடித்தது. அடக்குவது இளைத்துப் போனாலோ உசுப்புவது மிஞ்சிப் போனாலோ ஆயிரக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கும், அந்தக் கூச்சலைத்தான் நாம் வலிப்பு என்கிறோம் என்ற வரியை நான் எழுதியிருந்தால் இரண்டு பக்கம் ஆகியிருக்கும். எல்லாவற்றையும் விட, இந்தச் சமநிலைக் குலைவு நோய் உருவாக ஒரு காரணமாக இருக்கலாம், பிறவியிலேயே சில செல்களின் அமைப்பு வேறாக இருப்பதும் காரணமாகலாம், பழைய அடியோ காய்ச்சலோ விட்டுப்போன தழும்பாகவும் இருக்கலாம், திரும்பத் திரும்ப வரும் வலிப்பே அந்த ரசாயனங்களின் அளவை மாற்றிவிடுவதும் உண்டு, பல பேருக்குக் காரணம் கடைசிவரை தெரிவதில்லை என்று ஒளிக்காமல் எழுதினாயே, அங்கேதான் பென்சிலைக் கீழே வைத்தேன். தெரியாததைத் தெரியாது என்று சுவரில் மாட்டுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். உனக்கு அது இருக்கிறது.

உன் பக்கத்தை எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனேன். கண்ணாடிச் சாமான் கழுவுகிறாளே, நாங்கள் எல்லோரும் பெரிய மேடம் என்று கூப்பிடுகிறோமே, அவளிடம் படித்துக் காட்டினேன். குடுவையைக் கவிழ்த்து வைத்தபடியே முழுவதையும் கேட்டாள். "ஏன் மேடம், கடைசியில தெரியலைன்னு சொல்றதுக்கா உங்க பொண்ணு ஒரு பக்கம் எழுதுச்சு" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "இருந்தாலும் பரவாயில்ல, எங்க அக்கா பொண்ணுக்கு வலிப்பு வந்தா ஏதோ பிடிச்சிருக்குன்னு மூணு வருஷமா ஆளாளுக்குத் தெரிஞ்ச மாதிரி பேசுறாங்க, அதுக்கு இது மேல்" என்று கையைத் துடைத்துக்கொண்டு தாளைக் கேட்டாள். ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் இன்னும் நான்கு கேட்டாள், அந்தப் பெண்ணின் வகுப்பு ஆசிரியைக்கு ஒன்று, தலைமை ஆசிரியருக்கு ஒன்று, மற்ற இரண்டும் யாருக்கு என்று சொல்ல மறுத்துவிட்டாள். அக்கா பெண்ணை வீட்டோடு நிறுத்திவிடலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்ததாம், இப்போது அந்தப் பேச்சு நின்றிருக்கிறது என்றாள்.

அப்பாவின் கதை தனி. மோட்டார், பிரேக் என்று நீ உவமை சொல்லியிருந்தாய் அல்லவா, மோட்டார் பழுதில்லாமல் இருந்தும் பிரேக் தேய்ந்தால் லிஃப்ட் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது என்று. அதைப் படித்ததில் இருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற கட்டடம் எல்லாம் உன் பக்கமும் கூடவே போகிறது. "இதுல பிரேக் பத்தி இருக்கிறது நான் சொல்லிக் கொடுத்தது, மிச்சம்தான் அவ படிச்சது" என்று வாயிற்காவலரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். போன முறை நீ வந்தபோது, இ.இ.ஜி. கம்பி ஒட்ட இடம் குறிப்பதைச் செய்து காட்டுகிறேன் என்று நாடாவால் அவர் தலையை முன்னும் பின்னும் அளந்து, சிவப்புப் பென்சிலால் இருபத்தொரு இடத்தில் பெருக்கல் குறி போட்டாயே, அதைத் துடைக்காமல் பால் வாங்கப் போய், கடைக்காரர் தலையில் ஏதாவது அறுவைச் சிகிச்சையா என்று பதறியதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். தன் தலையில் கம்பி ஒட்டிக்கொண்டு பயந்து படுத்திருந்த பெண், இன்று மற்றவர்கள் தலையில் ஒட்டுகிறாள், பயப்படாதீர்கள் எனக்கும் ஒட்டியிருக்கிறார்கள் என்று அவர்களிடம் சொல்கிறாள். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. சொல்லாததால் இல்லை என்று ஆகிவிடாது.

இனி காரணத்துக்கு வருகிறேன். பக்கத்தோடு நீ எழுதியிருந்த குறிப்பில், புதிய டாக்டர் உன் பழைய விவரங்களைப் பார்க்கிறார், பதினான்கு வயதில் பள்ளி மாடிப்படியில் வலிப்பு வந்து விழுந்த அன்றைக்கு, முதலாவது மருந்து முழு அளவில் உடம்பில் இருந்ததா என்பது அவருக்கு முக்கியம், முழு அளவு இருந்தும் வந்திருந்தால் இரண்டாவது மருந்தைத் தொட மாட்டார், இல்லையென்றால் அதை மெல்ல நிறுத்திப் பார்க்கலாம் என்கிறார், அதனால் பழைய மருந்து நோட்டை அனுப்பு என்று கேட்டிருந்தாய். அதற்குக் கீழே, "எங்க அம்மா கெமிஸ்ட், அவங்க நோட்டுல தப்பே இருக்காதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்த பிறகு பதினோரு நாள் உனக்கு நோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று போனில் சொன்னேன். தேடவில்லை. அது எப்போதும் இருக்கிற இடத்தில், என் அலமாரியின் இரண்டாவது தட்டில்தான் இருந்தது.

நோட்டில் தப்பு இருக்கிறது. நாற்பத்தொரு வரிகளில் இருக்கிறது. அவற்றை எழுதியவள் நான், தெரிந்தே எழுதினேன்.

எப்படி நடந்தது என்று முழுவதும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பதினோரு வயதில் முதல் முறை வந்தபோது, அந்தப் பழைய டாக்டர் இரண்டு கையையும் தராசு மாதிரி மேலும் கீழும் ஆட்டி, "மூளையில ரசாயனச் சமநிலை கொஞ்சம் குலைஞ்சிருக்கும்மா" என்றார். எந்த ரசாயனம், எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு, எங்கே அளந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அதெல்லாம் தண்ணியில குளோரின் பார்க்கிற மாதிரி பார்க்க முடியாதும்மா" என்றார். அது உண்மைதான், உன் பக்கத்தை வாசிக்கும்போது அது எவ்வளவு உண்மை என்று புரிகிறது. உயிரோடு இருக்கிற மூளையில், அந்த மெல்லிய இடைவெளிக்குள், ஒரு நொடிக்கும் குறைவாக வந்து போகிற பொருளை எந்தக் குடுவையில் பிடிப்பது. ஆனால் அன்று எனக்குக் கேட்டது வேறு. அளக்காத ஒன்று குலைந்திருக்கிறது என்கிறார்கள், அளக்காத ஒன்றைச் சரிசெய்ய என் மகளுக்குத் தினமும் இரவு மருந்து கொடுக்கிறார்கள் என்று கேட்டது. கேள்வி கேட்கிறவர்களை அனுப்பி வைக்க ஒரு சொல் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன், படித்ததில் பாதி புரிந்தது, புரிந்த பாதி எனக்குத் தேவைக்கு மேல் தைரியத்தைக் கொடுத்துவிட்டது.

மருந்து தொடங்கிய பிறகு இரண்டரை வருடம் உனக்கு ஒன்றும் வரவில்லை. மருந்து தடுப்பதால் வரவில்லையா, நோயே போய்விட்டதால் வரவில்லையா என்று டாக்டரிடம் கேட்டேன். "ரெண்டுல எதுன்னு இப்ப சொல்ல முடியாது, இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்றார். எங்கள் கூடத்தில் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் நாங்கள் பிளாங்க் வைப்போம். சோதனைப் பொருளைச் சேர்க்காமல், மற்றதெல்லாம் அப்படியே வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது. அப்போதும் அதே முடிவு வந்தால் அந்தப் பொருள் ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். இருபது வருடமாக நாளுக்கு நான்கு முறை இதைச் செய்கிற கை. உனக்கு அப்போது மாத்திரை தொண்டையில் இறங்காது, சிரப்தான். இரவு பத்து மில்லி, அளப்பது எப்போதும் நான், அதுவும் கூடத்தில் இருந்து கொண்டுவந்த அளவுக் குழாயால், மருந்துப் பாட்டிலோடு வரும் மூடியை நான் நம்பியதே இல்லை.

முதல் வாரம் ஒன்பது. அடுத்த வாரம் எட்டு. பிறகு ஏழு. அதற்குப் பிறகு இருபது நாள் ஆறிலேயே நிறுத்தினேன். குறைத்த அளவுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கலந்து பத்து மில்லியாக்கிக் கொடுத்தேன், ருசியில் உனக்கு வித்தியாசம் தெரியக் கூடாது என்று அதையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் கலந்தேன். நீ தினமும் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து "எழுதிட்டியா" என்று கேட்பாய், அதனால் நோட்டில் பத்து என்று எழுதினேன். உன்னிடம் சொன்னால் பயத்திலேயே உனக்கு ஏதாவது வரும், முடிவு கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னால் விட மாட்டார். டாக்டரிடம் சொன்னால் திட்டுவார். ஆக மொத்தம் சொல்ல வேண்டியவர்கள் மூன்று பேர், மூன்று பேருக்கும் சொல்லாமல் இருக்க என்னிடம் காரணம் தயாராக இருந்தது. அதற்கு மேல் ஒன்று, நான் நினைப்பதே சரியாக இருக்கும் என்று நம்பினேன். ஆறாவது வாரம் உன்னைப் பள்ளிக்கு அனுப்பும்போது, இன்னும் ஒரு மாதம் போனால் அந்தக் கையாட்டும் டாக்டர் முன்னால் புள்ளிவிவரத்தை வைக்கலாம் என்று மனதுக்குள் பேச்சைக்கூடத் தயார் செய்துவிட்டேன்.

நாற்பத்தொரு இரவு முடிந்து மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, அறிவியல் செய்முறை வகுப்புக்குப் போகும் வழியில் மாடிப்படியில் நீ விழுந்தாய். உன் முன்பல்லின் முனை உடைந்ததை இன்றும் நீ சிரிக்கும்போது பார்க்கிறேன். அதனால்தான் உன் புகைப்படம் எதிலும் நான் அருகில் நிற்பதில்லை என்று உனக்குத் தெரியாது. அன்று மருத்துவமனையில் டாக்டர் நோட்டைப் புரட்டினார். "பத்து, பத்து, பத்து, ஒரு வேளை கூட விடலையே" என்று என்னைப் பார்த்தார், அதில் ஒரு மரியாதை இருந்தது. பிறகு, முழு மருந்து இருக்கும்போதே வந்திருக்கிறது, இந்த ஒன்று போதவில்லை என்று இரண்டாவது மருந்தை எழுதினார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. ஒரு நிமிடம் போதும். நீ கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாய், அப்பா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நான் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த இரண்டாவது மருந்து உனக்கு என்ன செய்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் வருடம் மேசை மேல் தலையை வைத்துத் தூங்கினாய், மதிப்பெண் இறங்கியது, அது பிறகு சரியாகிவிட்டது. சரியாகாதது ஒன்று உண்டு. நீ பேச்சுக் குறைவானவள், அம்மாவை உரித்து வைத்திருக்கிறாய் என்று உன் அத்தை வரும்போதெல்லாம் சொல்வாள், நீயும் தலையாட்டுவாய். பதினான்கு வயது வரை நீ யாரை உரித்தும் வைக்கவில்லை. வாய் ஓயாது. அப்பா எந்தச் சாமானைப் பிரித்தாலும் எதிரில் உட்கார்ந்து இது எதுக்கு, அது எதுக்கு என்று கேட்டு, திருப்பி மாட்டும்போது "அது அங்க இல்லப்பா" என்று வேறு சொல்லுவாய், அதனால்தான் உனக்கு சூப்பர்வைசர் என்று பெயர் வந்தது. மருந்துக்குப் பிறகு ஒரு சொல்லுக்காக நீ நடு வாக்கியத்தில் நின்றுபோவதைப் பார்த்தேன். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதை நிறுத்தினாய். எழுதத் தொடங்கினாய், எழுத்தில் யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள் என்று நீயே ஒரு முறை சொன்னாய். இன்று அந்த எழுத்து சுவரில் தொங்குகிற அளவுக்கு வந்திருக்கிறது, அதில் எனக்குப் பெருமை என்று முன்பே எழுதிவிட்டேன். அந்தப் பெருமைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன்.

மருந்தை நான் குறைத்ததால்தான் அன்று வந்தது என்று நூற்றுக்கு நூறு யாராலும் நிரூபிக்க முடியாது, உன் பக்கத்திலேயே அப்படி எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றுதான் இருக்கிறது. இந்த ஒரு "முடியாது" இத்தனை வருடம் எனக்கு வசதியாக இருந்தது. சந்தேகப்படுவது நல்ல குணம் என்று உனக்குச் சொல்லித்தான் வளர்த்தேன். மற்றவர்கள் சொல்வதை எல்லாம் சந்தேகப்பட்டவள், என்னை ஒரு நாள்கூடச் சந்தேகப்பட்டதில்லை.

உன் பக்கத்தின் கடைசிப் பத்தியை நீ யாரை நினைத்து எழுதினாயோ தெரியாது. மருந்தை நீங்களாகக் குறைக்காதீர்கள் என்பதோடு நிறுத்தாமல், "குறைத்திருந்தால், விட்டிருந்தால், மறந்திருந்தால் எங்களிடம் சொல்லிவிடுங்கள். இங்கே யாரும் திட்ட மாட்டோம். கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகச் சொன்னால், தேவையில்லாத இன்னொரு மருந்து உங்கள் பிள்ளையின் வாய்க்குள் போகும்" என்று எழுதியிருக்கிறாய். பெரிய மேடத்துக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "என்ன மேடம், நீங்க யாருக்காவது குறைச்சிட்டீங்களா" என்று சும்மா கேலியாகத்தான் கேட்டாள். ஆமாம் என்றேன். அவளிடம்தான் முதலில் சொன்னேன், அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும், முதல் உரிமை உனக்குத்தான். அவள் கையில் இருந்த பீக்கரை இரண்டாவது முறை கழுவினாள். பிறகு, "இத என்கிட்ட சொல்லி என்ன மேடம் பண்றது, தாளை எழுதினது நானா" என்றாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் சமையலறையில் தரையில் உட்கார்ந்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். திருப்புளியைக் கீழே வைக்காமல் கேட்டார். எவ்வளவு குறைத்தாய் என்றார், பத்தில் இருந்து ஆறு என்றேன். ஒரு திருகாணியைக் கழற்றித் தரையில் வைத்தார். "அப்ப நான் அவளக் கூட்டிட்டுப் போனதால இல்லையா" என்றார். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, விழுவதற்கு முந்தின நாள் விடிகாலை நான்கரை மணிக்கு உன்னை எழுப்பி, பதினெட்டாவது மாடிக்கு மேல் இருக்கும் லிஃப்ட் மோட்டார் அறையைக் காட்ட அழைத்துப் போனார், சூரியன் வருவதை அங்கிருந்து பார்த்தீர்கள். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று மருத்துவமனையில் யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த இரண்டு மணி நேரத் தூக்கத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டுவிட்டார். அவர் உனக்குப் போன் செய்தால் "தூங்கினியா" என்பதைத் தவிர வேறு ஒன்றும் கேட்க மாட்டார், நீ அவருக்குத் தூக்க மந்திரி என்று பெயர் வைத்தாய், நாம் இருவரும் சேர்ந்து சிரித்தோம். ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன்.

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இரண்டு மணி நேரம் கழித்து வந்து, "பத்து வருஷமா எம் பொண்ணுகிட்ட ஒரே கேள்வியக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். வேற எதுவும் கேக்கவே இல்லயே" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு மூன்று நாள் என்னோடு பேச்சு தண்ணீர் வந்ததா, சாவி எங்கே என்ற அளவில்தான். மிக்ஸி அப்படியே பிரித்த நிலையில் கிடந்தது, நான் அம்மிக்கு மாறிவிட்டேன், புகார் சொல்லும் இடத்தில் நான் இல்லை. நான்காம் நாள் காலையில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டு எழுந்தேன். மாட்டி முடித்திருந்தார். "போன்ல சொல்லாத, எழுது" என்றார். ஏன் என்றேன். "போன்ல சொன்னா அவ உடனே பரவாயில்லம்மான்னு சொல்லிடுவா. சொல்லிட்டு அப்புறம் தனியா உக்காந்து யோசிப்பா. எழுதினா முதல்ல யோசிப்பா, அப்புறம் அவளுக்குத் தோணுறதச் சொல்லுவா" என்றார். உன்னை நான் அளந்ததை விட அவர் சரியாக அளந்திருக்கிறார். அதனால்தான் இது கடிதமாக வருகிறது. படித்துவிட்டு உடனே கூப்பிடாதே. எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். பரவாயில்லை என்று தோன்றாவிட்டால் அதைச் சொல்லாதே.

நோட்டில் இப்போது உண்மையான அளவுகளை எங்கிருந்து எடுத்து எழுதினேன் என்று உன் டாக்டர் கேட்பார், கேட்க வேண்டும். ஒரு கெமிஸ்ட் பதிவு வைக்காமல் சோதனை செய்ய மாட்டாள், அது எவ்வளவு கேவலமான சோதனையாக இருந்தாலும். அந்த வருடத்து அலுவலக நாட்குறிப்பில், ஒவ்வொரு நாளின் குளோரின் அளவுக்கும் கீழே சின்னதாக ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கங்களின் பிரதியையும் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். கூட்டிப் பார்த்தேன், குறைத்த மருந்து மொத்தம் நூற்று இருபத்திரண்டு மில்லி. நூறு மில்லி பாட்டில் ஒன்று முழுதாகவும் அதற்கு மேல் கொஞ்சமும் மிஞ்சி, அதை நான் கழுவு தொட்டியில் ஊற்றியது ஞாபகம் இருக்கிறது, அளவு பொருந்துகிறது.

ஒன்றை மட்டும் அம்மாவாகச் சொல்கிறேன், கேட்டுத்தான் ஆக வேண்டும். இதைப் படித்துவிட்டுக் கோபத்திலோ ஆசையிலோ இரண்டாவது மருந்தை நீயாகத் தொடாதே. நோட்டையும் பிரதியையும் டாக்டரிடம் கொடு, அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படி, எவ்வளவு மெதுவாகச் சொல்கிறாரோ அவ்வளவு மெதுவாக. அதை நிறுத்திய பிறகு உன் வாய் பழையபடி திறக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை, எனக்குத் தெரியாது, ஒருவேளை நீ இப்போது உண்மையிலேயே பேச்சுக் குறைவானவள்தானோ என்னவோ. எப்படி இருந்தாலும் நீ எழுதிய ஒரு தாள் இங்கே ஒரு பெண்ணைப் பள்ளியில் நிறுத்தி வைத்திருக்கிறது, என்னை என் அலமாரியைத் திறக்க வைத்திருக்கிறது. நான் இந்த வயது வரை எழுதிய எந்த அறிக்கையும் அவ்வளவு செய்ததில்லை.

அப்பா அடுத்த முறை போனில் என்ன கேட்பது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறார். நான் பார்த்துவிட்டேன் என்று சொல்லாதே. உங்கள் மருத்துவமனை லிஃப்ட் எத்தனை ஆள் தாங்கும் என்பது முதல் கேள்வி, உனக்கு அங்கே யாராவது சிநேகிதர்கள் உண்டா என்பது இரண்டாவது. மூன்றாவதை எழுதி அடித்திருக்கிறார், அடித்ததற்கு அடியில் "தூங்கினியா" என்று நன்றாகவே தெரிகிறது.

உனக்கு எல்லா நலனும் கிடைக்கட்டும். கை நடுங்காமல், தலை சுற்றாமல், யாருக்கும் பயப்படாமல், அம்மாவுக்கும் பயப்படாமல் இரு. வேளைக்குச் சாப்பிடு, இரண்டு மருந்தையும் டாக்டர் சொல்லும் வரை முழு அளவில் போட்டுக்கொள்.

நோட்டைத் திறக்கும் முன் ஒன்று. எங்கள் கூடத்தில் தவறான எண்ணை அழிக்கக் கூடாது, மேலே மை பூசவும் கூடாது, உனக்குச் சிறு வயதில் சொல்லியிருக்கிறேன். அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், திருத்தியவர் கையெழுத்து, தேதி. நாற்பத்தொரு வரியிலும் அப்படியே செய்திருக்கிறேன். அதோடு இன்னொருவர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் அந்தத் திருத்தம் செல்லும். அப்பா போடுகிறேன் என்றார், நான் விடவில்லை. அந்த இடத்தை நாற்பத்தொரு வரியிலும் காலியாக விட்டிருக்கிறேன். போடுவதும் போடாததும் உன் விருப்பம்.

இப்படிக்கு,
அம்மா